ஆணி இல்லாம கூரை எப்படி நிக்குது: மரச்சட்டமும் கைவெட்டு மூட்டும்

குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய எஸ்டேட் பங்களா எதுக்குள்ளயாவது போக வாய்ப்பு கெடச்சா மொதல்ல கூரைய அண்ணாந்து பாருங்க. சீலிங் பலகை அடிச்சு மூடாம விட்டிருந்தா மேல பெரிய பெரிய கட்டைங்க முக்கோணம் முக்கோணமா நிக்கும். பல வீட்ல ஒரு கட்டை இன்னொன்னோட சேர்ற எடத்துல ஆணித்தலை தெரியாது, போல்ட்டு தெரியாது, விரல் தடிமன்ல வட்டமா ஒரு மரப்பொட்டு மட்டும் தெரியும். அந்த பொட்டுக்கு பின்னாடி என்ன இருக்கு, அது எப்படி இத்தன வருஷம் காத்துலயும் மழையிலயும் கூரைய தாங்குது, இத தான் இங்க சொல்லப் போறேன். தச்சு வேலை பத்தி ஒண்ணுமே தெரியாதவங்கள மனசுல வச்சு எழுதறேன், அதனால அடியில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

வீட்டோட பாரத்த தூக்கறதுல ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு சுவரே தூக்கறது, கல்லோ செங்கல்லோ வச்சு கட்டி அது மேல கூரைய ஏத்தி வச்சுடறது. இன்னொன்னு மரத்துல தூண், விட்டம், குறுக்குக் கட்டை, சாய்வுக் கட்டைன்னு முழு எலும்புக்கூட்ட நிறுத்தி பாரம் பூராத்தயும் அதுகிட்ட குடுத்துட்டு, சுவர சும்மா காத்து மழைக்கு மறைப்பா மட்டும் வைக்கிறது, இந்த ரெண்டாவதுக்கு தான் டிம்பர் ஃப்ரேம்னு பேரு. ஜப்பான், இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி இங்கெல்லாம் முழு வீடே அப்படி நிக்கும். நம்ம மலையில பெரும்பாலும் கலப்பு தான், கீழ கல் சுவர், மேல கூரை மட்டும் மரச்சட்டம், கொடைக்கானல் பழைய பங்களாக்களும் அநேகமா இதே கதை. ஊட்டில சில வீட்டு முகப்புல வெள்ளை சுவர்ல கருப்பு மரப்பட்டி குறுக்கும் நெடுக்கும் ஓடும்ல, அத பாத்து அது மரச்சட்ட வீடுன்னு நெனச்சுக்க வேணாம், நிறைய எடத்துல அது சுவர் மேல அழகுக்கு ஒட்டின பலகை தான், கழட்டி எடுத்தாலும் வீட்டுக்கு ஒண்ணும் ஆகாது. உண்மையான சட்டத்துல ஒரு கட்டைய உருவினா அடுத்த கட்டைக்கு எங்கயோ பாரம் மாறும். அது தான் வித்தியாசம்.

சரி, மூட்டுக்கு போறதுக்கு முன்னாடி மரத்த பத்தி ரெண்டு விஷயம் தெரியணும், இது புரியலன்னா மூட்டு ஏன் அந்த மாதிரி வெட்டறாங்கன்னு புரியவே புரியாது. மரம்ங்கறது நீளவாக்குல ஓடற நார்கட்டு, வெளக்குமாத்துக் குச்சிய இறுக்கி கட்டின மாதிரி. நீளவாக்குல இழுத்தாலும் அமுக்கினாலும் பயங்கர பலம், ஆனா நாருக்கு குறுக்க அமுக்கினா நசுங்கும், நாரையும் நாரையும் பிரிக்கற மாதிரி ஆப்பு வச்சா பட்டுன்னு பிளந்துக்கும். வெறகு பொளந்த யாருக்கும் இது தெரியும்.

ரெண்டாவது விஷயம், மரம் சுருங்கும் விரியும், செத்த பிறகும். பச்சை மரம் காய ஆரம்பிச்சு ஈரம் சுமார் 30 சதவீதத்துக்கு கீழ எறங்கும்போது சுருங்க ஆரம்பிக்கும். ஆனா எல்லா பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. நீளத்துல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, நல்ல கட்டையா இருந்தா 10 அடிக்கு ஒரு நூல் தான் கொறயும் (ஒரு நூல்னா இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கு, ஆசாரிங்க கணக்கு). அகலத்துல தான் விளையாட்டே, அதுலயும் மரத்தோட வருஷ வளையத்த ஒட்டின திசையில சுருங்கறது, நடுவுல இருந்து வெளிய போற திசைய விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. ரொம்ப அடங்கின மரம்னு பேர் வாங்கின தேக்குக்கே அந்த திசையில அஞ்சு சதவீதம் பக்கம் வரும். 8 இஞ்ச் அகலக் கட்டைய பச்சையா வச்சு கூரை போட்டீங்கன்னா அது முழுசா காயும்போது மூணு நூல் அளவுக்கு கூட கொறஞ்சுடலாம். காஞ்ச பிறகும் நிக்காது, காத்து ஈரத்துக்கு ஏத்த மாதிரி மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும். காத்துல ஈரப்பதம் 50 சதவீதமா இருந்தா மரம் 9 சதவீதத்துல வந்து நிக்கும், 90 ஆனா 20 சதவீதத்துக்கு ஏறும். நம்ம ஊர யோசிச்சு பாருங்க. ஜனவரி பிப்ரவரில வெயில் சுள்ளுன்னு அடிச்சு ஒதடெல்லாம் வெடிக்கும், ஜூலைல ஊட்டி பக்கம் நாள் பூரா மேகம் வீட்டுக்குள்ளயே வந்து போகும், அக்டோபர் நவம்பர்ல குன்னூர் கோத்தகிரிக்கு வடகிழக்கு மழை. வருஷம் பூரா இந்த ஆட்டத்துல மரம் ஆடிக்கிட்டே தான் இருக்கும். கதவு மழைக்காலத்துல இறுகி கோடைல லூசாகறது எல்லார் வீட்லயும் நடக்குது, அதே தான் கூரைலயும் நடக்குது, நம்ம கண்ணுக்கு தெரியறதில்ல அவ்ளோ தான்.

இப்ப இந்த ஆடற மரத்துல ஒரு இரும்பு ஆணிய அடிக்கிறீங்கன்னு வச்சுக்கங்க. இரும்பு ஈரத்துக்கு விரியாது சுருங்காது, மரம் மட்டும் அத சுத்தி ஆடும், கொஞ்ச வருஷத்துல ஆணி ஓட்டை தளர்ந்துடும். அது மட்டும் இல்ல, குளிர் ராத்திரில இரும்பு சீக்கிரம் ஆறி அதுல தண்ணி கோக்கும், அந்த தண்ணி நேரா மரத்துக்குள்ள எறங்கும், மரத்துல இருக்கற துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து ஆணிய சுத்தி மைக்கறுப்பா ஒரு வட்டம் விழும். பழைய ரீப்பர (ஓட்ட தாங்கற சின்ன மரப்பட்டி) கழட்டும்போது பாத்திருப்பீங்க, அந்த கருப்பு வட்டத்துல நகத்த வச்சு கீறினா மரம் பொடியா உதிரும், ஆணியும் பாதி தேஞ்சு போயிருக்கும். சின்ன ரீப்பருக்கு பரவால்ல, மாத்திக்கலாம். கூரை பாரம் மொத்தமும் வந்து எறங்கற மூட்டுக்கு ஆணிய மட்டும் நம்பறது எனக்கு சரியா படல.

கைவெட்டு மூட்டு இந்த பிரச்சனைய வேற வழில தீக்குது. பாரத்த ஆணிகிட்ட குடுக்காம ஒரு மரத்தோட முகம் இன்னொரு மரத்தோட முகத்து மேல நேரா உக்கார்ற மாதிரி வெட்டிடறது. எல்லா மூட்டுக்கும் அம்மா மூட்டு எதுன்னா துளையும் நாக்கும் தான், இன்ஜினியருங்க மார்ட்டிஸ் டெனன்னு சொல்றது. ஒரு கட்டையோட முனையில ரெண்டு பக்கமும் சீவி நடுவுல நாக்கு விடணும், இன்னொரு கட்டைல அதே அளவுக்கு துளை எடுக்கணும், நாக்கு துளைக்குள்ள போய் உக்காரும். நாக்கோட ரெண்டு பக்கமும் சீவின எடத்துல ஒரு படி நிக்கும்ல, அதுக்கு பேரு தோள். ஆரம்பத்துல எல்லாரும் நாக்க தான் பாப்பாங்க, உண்மைல கவனிக்க வேண்டியது தோள.

கோத்தகிரி பக்கம் ஒரு பழைய வீட்டு கூரைய பிரிச்சப்ப கூட நின்னு பாத்தேன். பெரியவர் ஒருத்தர், மேட்டுப்பாளையத்துல இருந்து வந்த ஆசாரி, மூட்டுக்கு குறுக்க அடிச்சிருந்த மரக்குச்சிய (மொளன்னு பேரு, வெளிய மரப்பொட்டா தெரியறது இதோட தலை தான்) எதிர்ப்பக்கம் இருந்து சின்ன இரும்புக் கம்பி வச்சு தட்டி வெளிய தள்ளினாரு, அது முழுசா வந்துடுச்சு, அப்புறம் கொட்டாப்புளியால, அதாவது மரச்சுத்தியலால, ரெண்டு தட்டு, கட்டை தனியா கழண்டுக்கிச்சு. உள்ள நாக்கு நேத்து வெட்டின மாதிரி வெளிறின நெறத்துல இருந்துச்சு, உளியால கீறின அளவுக்கோடு கூட அழியல, தோளுக்கு மேல ஒரு கட்டைல மூணு கீறல், அதோட ஜோடி கட்டைலயும் மூணு கீறல், எது எதோட சேரணும்னு அன்னிக்கு வெட்டினவர் போட்ட அடையாளம். "ஏனுங்க ஐயா, இவ்ளோ சின்ன மொள தான் இத்தன வருஷமா இத தாங்குச்சா"ன்னு கேட்டேன். "மொள எங்க தம்பி தாங்குது, அது புடிச்சுட்டு தான் இருக்குது, பாரம் பூரா தோள் மேலல்ல உக்காந்திருக்குது"ன்னாரு. மரச்சட்டத்த பத்தி ஒரே ஒரு விஷயம் தான் மனசுல நிக்கணும்னா அது இது தான், தோள் தாங்கும், மொள விலகாம பாத்துக்கும்.

ஒரு மூட்டு எப்படி வெட்டறாங்கன்னு கிட்டக்க போய் பாக்கலாம். 8க்கு 8 இஞ்ச் தூண்ல 6க்கு 8 இஞ்ச் விட்டம் வந்து சேருதுன்னு வச்சுக்கங்க. கட்டை கனத்துல மூணுல ஒரு பங்கு நாக்குக்குங்கறது பொதுவான கணக்கு, இங்க 2 இஞ்ச் கனம், 4 இஞ்ச் நீளம்னு எடுத்துக்கலாம். மூலமட்டம் (நேர் கோணம் பாக்கற கருவி) வச்சு நாலு முகத்துலயும் தோள் கோட்ட சுத்தி போடணும், பென்சில்ல இல்ல, கத்தி முனையால கீறணும், ஏன்னா பென்சில் கோட்டுக்கே ஒரு கனம் இருக்கு, கத்திக் கோட்டுக்கு இல்ல, அதோட அந்த கீறல்ல உளி தானா போய் உக்காரும். தூண்ல துளை எடுக்கறதுக்கு மொதல்ல துரப்பணத்தால வரிசையா ஓட்டை போட்டு நடு மரத்த எடுத்துட்டு, அப்புறம் உளியால பக்கச்சுவர நேர் பண்ணணும். உளியோட தட்டை பக்கம் எப்பவும் கோட்டு பக்கம், சாய்வு பக்கம் கழிவு பக்கம். துளை ஆழம் நாக்கோட நீளத்த விட ரெண்டு நூல் கூட இருக்கணும், இது ரொம்ப முக்கியம், நாக்கு நுனி போய் அடில முட்டிடுச்சுன்னா தோள் உக்காராது, வெளிய பாக்க இடைவெளி தெரியாம இருந்தாலும் பாரம் தப்பான எடத்துல எறங்கும்.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. விட்டத்துல இருந்து வர்ற பாரம் கீழ் நோக்கி வருது, அந்த பாரம் பூராத்தயும் 2 இஞ்ச் நாக்கு மட்டுமே தூண் துளையில முட்டுக் குடுத்து தாங்கணும்னா நாக்கு பொளக்க வாய்ப்பிருக்கு. அதனால தூண் முகத்துல விட்டத்தோட முழு முனையும் உக்கார்ற மாதிரி நாலு நூல் ஆழத்துக்கு ஒரு பள்ளம் எடுத்துடுவாங்க. இப்ப விட்டத்தோட 6 இஞ்ச் அகலமும் தூண்ல எடுத்த படில உக்காந்திருக்கு, நாக்கு வெளிய வராம இருக்கறத மட்டும் பாத்துக்குது. தூண் காஞ்சு சுருங்கினா கூட விட்டத்தோட முனை பள்ளத்துக்குள்ள இருக்கறதால இடைவெளி கண்ணுக்கு தெரியாது.

மொளய பத்தி தனியா சொல்லணும். மொள ரம்பத்துல அறுக்கறது இல்ல, கட்டைய பொளந்து எடுத்து சீவறது, பொளந்தா நாரு ஒரு முனைல இருந்து மறு முனை வரைக்கும் அறுபடாம ஓடும், அறுத்தா நடுவுல எங்கயாவது நாரு வெளிய ஓடி அங்கயே ஒடியும். மொள நல்லா காஞ்ச மரமா இருக்கணும், சட்டம் கொஞ்சம் பச்சையா இருந்தா கூட பரவால்ல. தூண்ல ஓட்டைய போட்டுட்டு நாக்க உள்ள விட்டு, துரப்பணத்த அந்த ஓட்டை வழியா விட்டு நாக்குல ஒரு புள்ளி மட்டும் வைப்பாங்க. அப்புறம் நாக்க வெளிய எடுத்து, அந்த புள்ளில இருந்து தோள் பக்கமா அரை நூல், பெரிய சட்டம்னா ஒரு நூல் தள்ளி ஓட்டைய போடுவாங்க. திரும்ப சேர்த்தா ரெண்டு ஓட்டையும் நேர்க்கோட்ல இருக்காது. கூர் சீவின மொளய அடிக்கும்போது அது லேசா வளைஞ்சு தான் உள்ள போகும், போகப் போக நாக்க துளைக்குள்ள இழுக்கும், தோள் போய் தூண்ல கிச்சுன்னு ஒட்டிக்கும். கிளாம்பு வேணாம், பசை வேணாம். அந்த வளைஞ்ச மொள ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும், மரம் கொஞ்சம் சுருங்கினாலும் பிடி விடாது. ரொம்ப எளிமையான வேலை, ஆனா இத யோசிச்சவன நெனச்சா எனக்கு இன்னிக்கும் கையெடுத்து கும்பிட தோணுது.

மத்த மூட்டெல்லாம் இதோட உறவுக்காரங்க தான். ரெண்டு கட்டை ஒண்ணு மேல ஒண்ணு குறுக்க போற எடத்துல பாதிக்கு பாதி வெட்டி சேர்க்கறது. இழுத்தா வெளிய வரக்கூடாதுன்னா முனைய அகலமாவும் கழுத்த குறுகலாவும் வெட்டற புறாவால் மூட்டு, இது அலமாரி டிராயர்ல அழகா இருக்கும், பெரிய கூரைல கொஞ்சம் யோசிக்கணும், ஏன்னா வால் குறுக்கவாக்குல சுருங்கினா பிடி தளரும். நீளம் பத்தாத கட்டைய நீட்டறதுக்கு ரெண்டு முனையையும் சாய்வா வெட்டி ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டி நடுவுல ஆப்பு அடிக்கிற மூட்டு, ஜப்பான்காரங்க இதுல போன தூரத்துக்கு வேற யாரும் போகலன்னு தான் சொல்லணும்.

மூட்டு எவ்ளோ இறுக்கமா இருந்தாலும் நாலு கட்டைய சதுரமா சேர்த்து ஒரு பக்கம் தள்ளினா சாஞ்சுடும், முக்கோணம் மட்டும் தான் சாயாது. அதனால தான் தூணுக்கும் விட்டத்துக்கும் நடுவுல மூலைல சாய்வுக் கட்டை வைக்கிறாங்க. சில பேர் வீட்ட புதுப்பிக்கும்போது எடம் அடைக்குதுன்னு இத அறுத்து விட்டுடறாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் செய்யாதீங்க, மலைல அடிக்கிற காத்துக்கு எதிரா நிக்கிறது அந்த கட்டை தான்.

கூரைக்கும் இதே முக்கோணக் கணக்கு தான். ரெண்டு கைமரம் முகட்டுல சேர்ந்து சாய்வா எறங்கும், மேல ஓடு பாரம் ஏறினதும் அதோட கால் ரெண்டும் வெளிப்பக்கமா விலகப் பாக்கும், சுவர தள்ளும். அத தடுக்கத் தான் கீழ குறுக்க ஒரு விட்டம், ரெண்டு காலையும் இழுத்து புடிச்சுக்கும். இப்ப நடுவுல முகட்டுல இருந்து அந்த குறுக்கு விட்டத்துக்கு நேரா ஒரு கட்டை வருது பாருங்க, கிங் போஸ்ட்டுனு சொல்றது. அத பாத்தா எல்லாருக்கும் அது கூரைய கீழ இருந்து தூக்கற தூண்னு தான் தோணும். நேர் எதிர். அது முகட்டுல இருந்து தொங்குது, நீளமான குறுக்கு விட்டம் நடுவுல தொய்யாம மேல இழுத்து புடிச்சிருக்கு. பழைய பங்களா சிலதுல அந்த கட்டையோட அடில விட்டத்த சுத்தி யூ வடிவுல இரும்புப் பட்டி போட்டிருப்பாங்க, தொங்கற கட்டைங்கறதுக்கு அது தான் சாட்சி, தாங்கற கட்டையா இருந்தா பட்டியே தேவையில்ல. இது தெரியாம அந்த பட்டிய துரு புடிச்சிருக்குன்னு கழட்டிட்டா விட்டம் நடுவுல எறங்க ஆரம்பிக்கும்.

கட்டைய எப்படி வைக்கணுங்கறதுலயும் ஒரு சின்ன கணக்கு. 2க்கு 4 கட்டைய படுக்க வச்சு மேல ஏறி நின்னா வளையும், அதையே 4 இஞ்ச் பக்கம் உயரமா நிக்க வச்சா நாலு மடங்கு விறைப்பு. அதே மரம், அதே காசு. அதனால தான் விட்டமெல்லாம் எப்பவும் நின்ன வாக்குல இருக்கு.

இந்த மலைக்கு மர வேலை வெள்ளைக்காரன் கொண்டு வந்ததுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. இந்த மலையோட பழங்குடி கோத்தர்கள் தலைமுறை தலைமுறையா இங்க கொல்லு வேலை, தச்சு வேலை, மண்பாண்டம் எல்லாம் செஞ்சு தோடருக்கும் படகருக்கும் குடுத்துக்கிட்டு இருந்தவங்க. ஊட்டில தோடர் மந்துல (அவங்க குடியிருப்பு) இருக்கற பழைய பாணி வீட்ட பாத்தா அங்க வேற ஒரு புத்தி, வளைச்ச மூங்கில பிரம்பால கட்டி அரைவட்டமா எறக்கி மேல புல்லு வேஞ்சு முகப்புக்கு மட்டும் பலகை வச்சு, தவழ்ந்து போற அளவுக்கு ஒரு வாசல். அங்க மூட்டுங்கறது வெட்டு கெடையாது, கட்டு. காத்தடிச்சா கட்டு கொஞ்சம் நெகிழ்ந்து குடுத்துட்டு திரும்ப நிக்கும். ஆணி இல்லாம நிக்கறதுக்கு இந்த மலையோட பழைய வழி அது.

அப்புறம் ஊட்டி செயின்ட் ஸ்டீபன்ஸ் சர்ச். 1829ல அடிக்கல் போட்டு 1830 வாக்குல முடிச்சாங்க, அதோட பெரிய விட்டங்களும் மரங்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தான் அரண்மனைல இருந்து பிரிச்சு கொண்டு வந்தது. ரயிலு குன்னூருக்கு வந்ததே 1899ல, ஊட்டிக்கு 1908ல, அப்ப அவ்ளோ கனமான மரத்த எப்படி மேல ஏத்தியிருப்பாங்கன்னு நெனச்சு பாருங்க. ஜெயிச்சவன் தோத்தவன் வீட்ட பிரிச்ச கதைங்கறது ஒரு பக்கம் வலிக்குது, அத மறைக்க வேணாம். ஆனா மரத்தோட பக்கத்துல இருந்து பாத்தா, ஒரு ஊர் அரண்மனைல நின்ன மரம் கழண்டு, மலை ஏறி, வேற ஒரு கூரைய இன்னிக்கும் தாங்குது. கான்கிரீட் விட்டத்த இப்படி பிரிச்சு எடுத்துட்டு போக முடியாது, உடைக்கத் தான் முடியும்.

வெளி உலகத்துல இது எவ்ளோ தூரம் தாங்கும்னா, ஜப்பான்ல ஹோர்யூஜி கோயில், 7ஆம் நூற்றாண்டு, இப்பவும் நிக்கிற மரக் கட்டடங்கள்ல உலகத்துலயே பழசுன்னு சொல்றது அத தான். கெட்டுப்போன கட்டைய மட்டும் அப்பப்ப மாத்தி மாத்தி காப்பாத்திட்டு வர்றாங்க. பாரிஸ்ல நோத்ர தாம் சர்ச் கூரை 2019 ஏப்ரல்ல எரிஞ்சதுல்ல, திரும்ப இரும்புல போடலாம் கான்கிரீட்ல போடலாம்னு எவ்வளவோ பேச்சு, கடைசில ஓக் மரத்த கோடாலியால செதுக்கி பழைய முறைலயே சட்டம் வெட்டி ஏத்தினாங்க, 2024 டிசம்பர்ல தெறந்துட்டாங்க. அந்த வேலைக்கு கைவேலை தெரிஞ்ச தச்சர்கள் அங்க இருந்தாங்க, அதனால முடிஞ்சது. நம்ம பக்கம் அந்த மாதிரி கை எத்தன மிச்சம் இருக்குங்கறது தான் எனக்கு கவலை.

மரம் எதுன்னு கேப்பீங்க. நீலகிரில எங்க திரும்பினாலும் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ் தான், 1840கள்ல ஆஸ்திரேலியால இருந்து வந்தது, ஆனா அது காயும்போது முறுக்கிக்கும், முனைல வெடிக்கும், சட்டத்துக்கு வெட்டறது ரொம்ப கஷ்டம். டீ தோட்டத்துல நிழலுக்கு நிக்கிற சில்வர் ஓக் இழைக்க சுலபம், ரேகையும் அழகு, வீட்டுக்குள்ள பலகைக்கு நல்லது, மழை படற எடத்துல வச்சா சீக்கிரம் உளுத்துடும். தேக்கு, ஈட்டி எல்லாம் கூடலூர் பக்கம் வளரும், அதுலயும் வைரம் பாஞ்ச பகுதி தான் வேணும், வெளிய இருக்கற வெள்ளைப் பகுதிய பூச்சி விடாது. நம்ம பட்டா நிலத்துல நிக்கற மரம் தானேன்னு வெட்டிட முடியாது, மலைப்பகுதி மரப் பாதுகாப்பு சட்டம் 1955ல இருந்தே இருக்கு, அனுமதி வாங்கணும். என்னைக் கேட்டா பழைய வீடு இடிக்கிற எடத்துல வர்ற மரம் தான் முதல் சாய்ஸ், அது ஏற்கனவே ஆட வேண்டிய ஆட்டமெல்லாம் ஆடி அடங்கின மரம், பழைய ஆணி மட்டும் உள்ள இருக்கான்னு காந்தம் வச்சு பாத்துட்டு உளிய வைங்க.

இரும்பே கூடாதுன்னு நான் சொல்ல வரல. மங்களூர் ஓடு போட்ட கூரைக்கு அதோட கனமே ஒரு பாதுகாப்பு, அதே சட்டத்து மேல இப்ப தகர ஷீட் போடறோம், ஷீட் லேசு, காத்து அடியில புகுந்தா தூக்கும். கீழ அழுத்தற பாரத்துக்குனு வெட்டின தோள் மூட்டு மேல இழுக்கற காத்துக்கு அவ்ளோ பலம் தராது, அங்க மொள மட்டும் பத்தாது, கைமரத்த சுவரோட புடிச்சு வைக்க ஸ்ட்ராப்போ போல்ட்டோ வேணும். 2019 ஆகஸ்ட்ல ஊட்டி பக்கம் அவலாஞ்சில ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல கொட்டின மாதிரி மழை வர்ற ஊர்ல, கூரைய புடிச்சு வைக்கிற விஷயத்துல பழமை புதுமைன்னு பாக்கக் கூடாது, துரு புடிக்காத இரும்பா போடுங்க, அது போதும்.

பழைய கூரை வீடு உங்க கைல இருந்தா பாக்க வேண்டிய எடம் நடுவுல இல்ல, முனைல. விட்டம் கல் சுவருக்குள்ள போய் மறையற எடம், தூண் தரையத் தொடற எடம், கூரைத் தண்ணி ஒழுகற மூலை. மரத்துல ஈரம் 20 சதவீதத்துக்கு மேலயே ரொம்ப நாள் நின்னா தான் பூஞ்சை வேலை செய்யும், காத்து போற எடத்துல மரம் தானா காஞ்சுக்கும். சிமெண்ட் வச்சு விட்டத்து முனைய சுத்தி அடைச்சு பூசறது தான் அத கொல்ற வேலை, உள்ள போன ஈரம் வெளிய வர வழியே இருக்காது. மெல்லிசான ஸ்குரூ டிரைவர எடுத்து முனைல அழுத்தி பாருங்க, நல்ல மரம்னா நுனி கூட எறங்காது, உளுத்திருந்தா சத்தமே இல்லாம உள்ள போகும். அப்படி போச்சுன்னாலும் முழு விட்டத்தயும் தூக்கிப் போட வேணாம். கீழ முட்டுக் குடுத்து நிறுத்திட்டு, கெட்ட முனைய நல்ல மரம் வர்ற வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, அதே ஜாதி காஞ்ச மரத்துல புது முனை செஞ்சு சாய்வு வெட்டுல பூட்டி ஆப்பும் மொளயும் அடிச்சா போதும். எவ்ளோ நீளத்துக்கு சாய்வு வெட்டணும், போல்ட்டு கூட சேர்க்கணுமாங்கறத மரவேலை தெரிஞ்ச இன்ஜினியர்கிட்ட ஒரு தடவ காட்டிக்கங்க. சுவருக்குள்ள திரும்ப வைக்கும்போது முனைய சுத்தி மூணு பக்கமும் ஒரு விரல் போற அளவுக்கு இடைவெளி விட்டு, அடில மட்டும் ஒரு தட்டைக்கல்லு வச்சு உக்கார வைங்க.